மஞ்சளை மஞ்சளாகவே பிடிக்கலாம்! கனகம்மாசத்திரம் டு திருத்தணி... ஒரு ‘கலர்’ பயணம்

ஒரே சாலை, ஒரே நாள், ஆனால் மணிக்கொரு வெளிச்சம். ஆடிக் கிருத்திகைக்கு கேமராவும் கையுமாகக் கிளம்புகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சின்ன செட்டிங்!

சென்னையிலிருந்து திருப்பதி போகும் நெடுஞ்சாலையில், திருவள்ளூரைத் தாண்டி, திருத்தணிக்கு முன்னால் வருகிறது கனகம்மாசத்திரம். காரில் போகிறவர்களுக்கு இது வேகத்தைக் குறைக்க வேண்டிய ஓர் ஊர். நடந்து போகிறவர்களுக்கோ காலை நீட்டி உட்கார ஓர் இடம். ஊரின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. கூடவே பொன்னும் இருக்கிறது. கனகம் என்றால் பொன்தானே!

ஆடி மாதம் பிறந்துவிட்டால் அந்தப் பொன் நிறம் சாலைக்கே வந்துவிடும். திருத்தணி முருகனுக்கு ஆடிக் கிருத்திகை ரொம்ப விசேஷம். மஞ்சள் வேட்டி, மஞ்சள் புடவை, தோளில் புஷ்பக் காவடி என்று பக்தர்கள் கூட்டம் கூட்டமாக மலையை நோக்கிப் போவார்கள். புரட்டாசியில் திருப்பதிக்குப் பாத யாத்திரை போகிறவர்களின் மஞ்சள் உடைகளையும் இதே சாலையில் பார்க்கலாம்.

இவ்வளவு மஞ்சளைப் பார்த்தால் யாருக்கும் கை தானாக போனைத் தேடும். வீட்டுக்கு வந்து படத்தைப் பார்க்கும்போதுதான் வருத்தம். வெயிலில் பளிச்சென்று இருந்த மஞ்சள் வேட்டி படத்தில் வெளிறிப்போயிருக்கும். மரத்தடியில் எடுத்த குழந்தையின் மொட்டைத் தலையில் சந்தனம் சாம்பல் பூத்திருக்கும். ராத்திரி குண்டு பல்பு எரிந்த கடையில் எடுத்த படத்தில் குடும்பமே மஞ்சள் காமாலை வந்ததுபோல நிற்கும்.

கேமராவில் ரிப்பேர் எதுவும் இல்லை. அங்கே இருந்த வெளிச்சம் எப்படிப்பட்டது என்பதை அது தப்பாகக் கணித்துவிட்டது. அந்தக் கணிப்பைச் சரிசெய்யும் செட்டிங்குக்குப் பெயர்தான் ‘ஒயிட் பேலன்ஸ்’.

பாட்டிகளுக்குத் தெரிந்த ரகசியம்

ஒரு வெள்ளைத் தாளை வெயிலில் பார்த்தாலும் வெள்ளை. குண்டு பல்பு வெளிச்சத்தில் பார்த்தாலும் வெள்ளை. உண்மையில் பல்பு வெளிச்சத்தில் அந்தத் தாளிலிருந்து கண்ணுக்கு வருவது ஆரஞ்சு கலந்த ஒளி. ‘இது பல்பு வெளிச்சம், அதனால்தான் ஆரஞ்சு’ என்று மூளை தானாகவே கழித்துக்கொள்கிறது. நாம் கேட்காமலேயே நடக்கிற கணக்கு இது.

அந்தக் கணக்கும் சில நேரம் தடுமாறும். 2015 பிப்ரவரியில் ஒரே ஒரு உடையின் புகைப்படம் உலகம் முழுவதும் சண்டை மூட்டியது ஞாபகம் இருக்கிறதா? ஒரு சாராருக்கு அது வெள்ளையும் தங்கமும். மீதிப் பேருக்கு நீலமும் கறுப்பும். உடையின் நிஜ நிறம் நீலமும் கறுப்பும்தான். படத்தில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொருவரின் மூளையும் வெவ்வேறாக யூகித்ததால் வந்த குழப்பம் அது.

நம் ஊர்ப் பாட்டிகளுக்கு இது எப்போதோ தெரியும். ஜவுளிக்கடையில் ஆயிரம் விளக்கு எரிந்தாலும், பிடித்த புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக வாசலுக்குப் போய், பகல் வெளிச்சத்தில் ஒரு தரம் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் ‘பில் போடுப்பா’ என்பார்கள். அதுதான் ஒயிட் பேலன்ஸ்!

கேமராவுக்கு அந்த அனுபவம் கிடையாது. எது வெள்ளை என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தானே ஒரு யூகம் செய்யும். அதைத்தான் ‘ஆட்டோ ஒயிட் பேலன்ஸ்’ என்கிறார்கள்.

கொல்லன் பட்டறையும் கெல்வினும்

வெளிச்சத்தின் நிறத்தைக் கேமரா எண்ணால் சொல்லும். அதற்கான அலகு கெல்வின். லார்டு கெல்வின் என்று அறியப்பட்ட விஞ்ஞானி வில்லியம் தாம்சனின் பெயரால் வந்தது.

கொல்லன் பட்டறையில் இரும்பைக் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். முதலில் செக்கச் சிவக்கும். சூடு ஏறினால் ஆரஞ்சு, பிறகு மஞ்சள், பிறகு வெள்ளை. இன்னும் இன்னும் சூடேற்ற முடிந்தால் நீலம் தட்டும். எனவே எண் குறைந்தால் சிவப்பு, எண் ஏறினால் நீலம்.

மெழுகுவத்தி, அகல்விளக்குச் சுடர் எல்லாம் சுமார் 2,000 கெல்வினுக்குள். குண்டு பல்பு ஏறக்குறைய 2,800. உச்சி வெயில் 5,500 அளவில். மேகமூட்டம் 6,500. வெயில் நேராகப் படாத நிழலில் 7,000, 8,000 வரை போகும். நிழலுக்கு வெளிச்சம் தருவது பெரும்பாலும் நீல வானம் என்பதால்தான் இவ்வளவு நீலம்.

இங்கே ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். கேமராவில் எண்ணை 8,000 என்று ஏற்றினால் படம் நீலமாகாது, ஆரஞ்சாக மாறும். காரணம், ‘இங்கே வெளிச்சம் ரொம்ப நீலமாக இருக்கிறது’ என்றுதான் கேமராவிடம் சொல்கிறோம். அது பதிலுக்கு ஆரஞ்சைச் சேர்த்துச் சமன் செய்கிறது. குழம்பில் உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கைப் போடுவது மாதிரி!

விடியற்காலை: ஒரு டீக்கடை, இரண்டு வெளிச்சம்

விடிவதற்கு முன்பே நடக்க ஆரம்பிக்கும் பக்தர்களுக்கு முதல் நிறுத்தம் சாலையோர டீக்கடை. உள்ளே மஞ்சள் பல்பு. வெளியே சூரியன் வருவதற்கு முந்தைய நீலம். கடை வாசலில் நிற்பவரின் முகத்தில் பாதி பல்பு, பாதி வானம்.

இந்த இடத்தில் ஒரே ஒயிட் பேலன்ஸ் செட்டிங்கால் இரண்டையும் சேர்த்துச் சரிசெய்ய முடியாது. பல்புக்கு வைத்தால் தெரு அடர் நீலமாகும். தெருவுக்கு வைத்தால் கடை ஆரஞ்சாகும். அனுபவசாலிகள் செய்வது எளிமையானது: முகத்தில் எந்த வெளிச்சம் அதிகமோ, அதற்கு வைத்துவிடுவார்கள். பின்னால் இருக்கும் நீலம் அப்படியே இருக்கட்டும். விடியற்காலை என்பதற்கு அதுதானே அடையாளம்.

நெடுஞ்சாலை விளக்குகளில் இன்னொரு சிக்கல். பழைய சோடியம் விளக்கு தருவது ஏறக்குறைய ஒரே ஒரு மஞ்சள் நிறத்தை மட்டும்தான். அதன் அடியில் சிவப்புப் புடவையும் பச்சைப் புடவையும் ஒரே மாதிரிதான் தெரியும். வெளிச்சத்திலேயே இல்லாத நிறத்தை எந்த செட்டிங்காலும் வரவழைக்க முடியாது. சற்றுத் தள்ளி எல்.இ.டி. விளக்கின் கீழ் வந்து நிற்பதுதான் வழி.

காலை வெயில்: ஆட்டோ ஏமாறும் நேரம்

வெயில் வந்துவிட்டது, இனி ஆட்டோவிலேயே விட்டுவிடலாம் என்று தோன்றும். இந்தச் சாலையில் அதுதான் தப்பு.

படத்தில் உள்ள எல்லா நிறங்களையும் கலந்தால் சராசரியாகச் சாம்பல் நிறம் வரும் என்பது ஆட்டோவின் அடிப்படை நம்பிக்கைகளில் ஒன்று. சாதாரணத் தெருவில் இது பலிக்கும். ஐம்பது பேர் மஞ்சள் உடுத்தி, மஞ்சள் பூக்கள் கட்டிய காவடியோடு ஃபிரேமை நிறைத்தால்? ‘வெளிச்சமே மஞ்சள் போலிருக்கிறது’ என்று நினைத்துக்கொண்டு கேமரா நீலத்தைக் கூட்டிவிடும். மஞ்சள் வெளிறும். மாநிற முகங்கள் களையிழக்கும். புதிய போன்கள் இதில் நிறையவே தேறிவிட்டன. ஆனாலும் அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் ஒரே வேட்டி இரண்டு நிறத்தில் இருப்பது இன்றும் நடக்கிறது.

இதற்கு மருந்து, சூரியன் படம் போட்ட ‘டேலைட்’ செட்டிங். அதை வைத்துவிட்டால் ஃபிரேமுக்குள் எத்தனை மஞ்சள் வந்தாலும் கேமரா அசையாது. வெயில் மாறாத வரை நிறமும் மாறாது.

ஆலங்காட்டு நிழலும் ஒரு பிரெஞ்சுச் சிற்பியும்

கனகம்மாசத்திரத்திலிருந்து பிரியும் சாலையில் போனால் திருவாலங்காடு. நடராஜரின் ஐந்து சபைகளில் இது ரத்தின சபை. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்த தலம் என்பது ஐதீகம். பெயரே ஆலங்காடு. சுவாமியின் பெயர் வடாரண்யேஸ்வரர். வடம் என்றால் ஆலமரம், ஆரண்யம் என்றால் காடு.

ஆலமரமோ மாந்தோப்போ, இலை நிழல் கேமராவுக்கு இரட்டைச் சோதனை. வானத்தின் நீலம் ஒரு பக்கம். இலைகளில் பட்டுத் தெறிக்கும் பச்சை இன்னொரு பக்கம். ‘ஷேடு’ செட்டிங் நீலத்தைச் சரிசெய்யும், பச்சையைச் சரிசெய்யாது. அதற்குத்தான் ‘டின்ட்’ என்று தனியாக ஒரு பட்டை. அதைப் பச்சையிலிருந்து வாடாமல்லி நிறப் பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் முகத்தில் ரத்த ஓட்டம் திரும்பிவிடும்.

புகைப்படத்துக்கும் திருவாலங்காட்டுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. இந்த ஊரைச் சேர்ந்த சோழர்கால நடராஜர் செப்புத்திருமேனி இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் புகைப்படங்களைப் பார்த்தே வியந்துபோய் எழுதினார் பிரெஞ்சுச் சிற்பி ரோடான். ‘சிந்தனையாளன்’ சிலையைச் செய்த அதே ரோடான்தான். அவர் மறைந்த பிறகு, 1921-ல் அந்தக் கட்டுரை அச்சில் வந்தது. அவர் பார்த்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள். நிறமே இல்லாத படத்தில் நிறம் தப்பாகப் போக வழியில்லை. ஒளியும் நிழலும் சரியாக இருந்தது, அது போதுமானதாக இருந்தது. ஒயிட் பேலன்ஸ் எவ்வளவு முயன்றும் கைகூடாத படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பதும் ஒரு நல்ல வழிதான்.

அன்னதானப் பந்தல்: வெளுத்த வேட்டியை நம்பாதீங்க!

கிருத்திகை நாட்களில் வழியெங்கும் நீர்மோர், அன்னதானப் பந்தல்கள். சிவப்பும் மஞ்சளுமாகத் துணி கட்டியிருந்தால், வெயில் அதன் வழியாக வடிகட்டி உள்ளே வரும். சாப்பிட உட்கார்ந்தவர்கள் எல்லோரும் சிவந்துபோயிருப்பார்கள். நீலத் தார்ப்பாய் போட்டிருந்தால் சாம்பார் சாதமே நீலம் பாய்ந்திருக்கும்! டேலைட், ஷேடு, கிளவுடி எதுவும் இங்கே எடுபடாது.

இந்த இடத்துக்குத்தான் ‘கஸ்டம்’ ஒயிட் பேலன்ஸ். பந்தலுக்கு உள்ளேயே, அதே வெளிச்சத்தில், நிறமற்ற ஒரு பொருளைப் படம் பிடித்து, ‘இதுதான் வெள்ளை’ என்று கேமராவுக்கு அடையாளம் காட்ட வேண்டும். அதன் பிறகு எடுக்கும் படங்களில் மற்ற நிறங்கள் தானாக ஒழுங்குக்கு வரும்.

பக்கத்தில் நிற்பவரின் வெள்ளை வேட்டியைக் காட்டிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் ஒரு பொறி. பளிச்சென்று தெரிவதற்காகத் துவைக்கும்போது சொட்டு நீலம் போட்டிருப்பார்கள். கண்ணுக்கு அது வெள்ளை, கேமராவுக்கு நீலம். அதை வெள்ளை என்று நம்பி கேமரா திருத்தினால் மொத்தப் படமும் மஞ்சளடிக்கும். கேமரா கடைகளில் கிடைக்கும் சாம்பல் நிற அட்டை, அதாவது ‘கிரே கார்டு’, ஒன்று பையில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

அட்டை இல்லையென்றால், எடுத்த படம் சரியா என்று பார்க்க முருக பக்தர்கள் நெற்றியிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. விபூதி! வெள்ளைக்கும் சாம்பலுக்கும் இடைப்பட்ட நிறம் அது. படத்தைப் பெரிதாக்கி நெற்றியைப் பார்த்தால் போதும். விபூதி நீலமாகத் தெரிந்தால் எண்ணை ஏற்ற வேண்டும். ஆரஞ்சாகத் தெரிந்தால் இறக்க வேண்டும். விபூதி விபூதியாக இருந்தால், பக்கத்தில் இருக்கும் சந்தனமும் குங்குமமும் சரியாகத்தான் இருக்கும்.

நெசவு ஊர்களில் நிறம் என்றால் காசு

கோயில் படத்தில் நிறம் மாறினால் மனசுதான் சங்கடப்படும். திருத்தணிக்கு அப்பால் உள்ள அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை போன்ற நெசவு ஊர்களில் நிறம் மாறினால் பணம் போகும்.

இன்று புடவை வியாபாரத்தில் பெரும்பகுதி வாட்ஸ்அப் படத்தில்தான் ஆரம்பிக்கிறது. வாடாமல்லி நிறம் படத்தில் நீலமாகிவிடலாம். அரக்கு செங்கல் நிறமாகிவிடலாம். மாம்பழ மஞ்சள், வெளிறிய எலுமிச்சையாகிவிடலாம். பார்சலைப் பிரித்ததும், ‘போட்டோல பார்த்த கலர் வேற, இது வேற’ என்று புடவை திரும்பி வரும். நெய்தவர் மேலும் தப்பில்லை, வாங்கியவர் மேலும் தப்பில்லை. நடுவில் இருந்த ஒரு டியூப் லைட் செய்த வேலை அது.

வீட்டிலிருந்தே புடவை விற்கும் பெண்களுக்கு இதில் உடனடியாகப் பயன்படும் யோசனை உண்டு. எல்லாப் புடவைகளையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். அறை விளக்கை அணைத்துவிட வேண்டும். போனில் ‘புரோ’ மோடு இருந்தால் கெல்வினைப் பூட்டிவிட வேண்டும். முதல் படத்தில் மட்டும் புடவைக்குப் பக்கத்தில் கிரே கார்டை வைத்து எடுத்துக்கொண்டால், பிறகு அதை வைத்தே மொத்தப் படங்களையும் சரிசெய்யலாம். இத்தனைக்குப் பிறகும் வாங்குபவரின் போன் திரையில் நிறம் கொஞ்சம் மாறத்தான் செய்யும். அதனால் ‘வாடாமல்லி’, ‘அரக்கு’ என்று நிறத்தின் பெயரையும் சேர்த்து எழுதுவது நல்லது.

மலையடிவாரம்: ‘ஒன் மோர்’ கிடையாது

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருடத்தின் நாட்களுக்கு ஒரு படி என்பது கணக்கு. டிசம்பர் 31 அன்று நடக்கும் படித் திருவிழாவும் பிரசித்தம். 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி ஆந்திராவிலிருந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதனால் இன்றும் இந்தப் படிகளில் ‘அரோகரா’ முழக்கத்துக்கு நடுவே தமிழும் தெலுங்கும் கலந்துதான் கேட்கும்.

இங்கே குழந்தைகளுக்கு முதல் மொட்டை போட வரும் குடும்பங்கள் ஏராளம். தாய்மாமன் மடி, குழந்தையின் அழுகை, மொட்டைத் தலையில் பூசிய குளிர்ந்த சந்தனம். முதல் மொட்டை ஒரு முறைதான். ‘நிறம் சரியா வரலை, இன்னொரு தரம்’ என்று கேட்க முடியாது. முடி இறக்கும் இடத்தில் டியூப் லைட்டும் ஜன்னல் வெயிலும் கலந்திருக்கும். குழந்தையை உட்கார வைப்பதற்கு முன்பே தாய்மாமன் கையை ஒரு டெஸ்ட் படம் எடுத்து நிறத்தைச் சரிபார்த்துக்கொண்டால் கடைசி நேரப் பதற்றம் இருக்காது. பெரிய கேமரா என்றால் ‘ரா’ ஃபைலாக எடுப்பது பாதுகாப்பு. ‘ரா’வில் ஒயிட் பேலன்ஸை வீட்டுக்கு வந்த பிறகும் படம் கெடாமல் மாற்றலாம். ‘ஜேபெக்’கில் ஓரளவுக்குத்தான் முடியும்.

ஒரு விஷயம் கவனம். தமிழகக் கோயில்களில் செல்போன் பயன்பாட்டுக்குத் தடை விதிக்க 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. சன்னதிக்குள் படம் எடுக்கும் எண்ணத்தை அடிவாரத்திலேயே விட்டுவிடலாம். உள்ளே பார்ப்பது கண்ணுக்கு மட்டும்.

அந்தி: எதைத் திருத்தக் கூடாது?

சாயங்காலம் அடிவாரத்தில் சரவணப் பொய்கை. கிருத்திகை சமயத்தில் மூன்று நாள் தெப்பம் நடக்கும். சுற்றிலும் சீரியல் விளக்குகள், படிகளில் கற்பூரச் சுடர், தண்ணீரில் அவற்றின் நிழல்.

இந்த நேரத்தில் ‘சரியான வெள்ளை’யைத் தேடி எண்ணை இறக்கிக்கொண்டே போனால், கற்பூரச் சுடர் டியூப் லைட் மாதிரி ஆகிவிடும். நிறம் சரி, ஆனால் படம் செத்துப்போகும். ஆட்டோவும் பெரும்பாலும் 3,000 கெல்வினுக்குக் கீழே முழுதாகத் திருத்துவதில்லை. புதிய கேமராக்கள் சிலவற்றில் ஆட்டோவிலேயே ‘வெள்ளைக்கு முன்னுரிமை’, ‘சூழலுக்கு முன்னுரிமை’ என இரண்டு வகை இருக்கிறது. தெப்பத்துக்கு இரண்டாவதுதான் பொருத்தம்.

புடவைப் படத்தில் வெளிச்சத்தின் நிறத்தை நீக்கியாக வேண்டும். தெப்பத்தில் அந்த நிறத்தைக் காப்பாற்றியாக வேண்டும். செட்டிங் ஒன்றுதான். எதற்காக எடுக்கிறோம் என்று படம் பிடிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை மட்டும் ஆட்டோ எடுக்காது.

பையில் போட்டுக்கொள்ள 5 டிப்ஸ்

1. வெளிச்சம் மாறும்போதெல்லாம் ஒயிட் பேலன்ஸையும் மாற்ற வேண்டும். வெயிலில் வைத்ததை நிழலில் மறந்துவிடக் கூடாது.

2. மஞ்சள் உடைக் கூட்டத்துக்கு ஆட்டோ வேண்டாம். வெயிலென்றால் டேலைட், ஆடி மேகம் மூடினால் கிளவுடி, மரத்தடி என்றால் ஷேடு.

3. கலர் துணிப் பந்தலுக்குள் கஸ்டம். கிரே கார்டு கைவசம் இருக்கட்டும்.

4. இரண்டு மூன்று போன்களில் ஒரே நிகழ்ச்சியை எடுத்தால், எல்லாவற்றிலும் ஒரே செட்டிங் வைத்தால் ஆல்பத்தில் நிறம் ஓரளவு ஒத்துப்போகும்.

5. சந்தேகம் வந்தால் நெற்றியைப் பெரிதாக்கிப் பார்க்கவும். விபூதி பொய் சொல்லாது.

எப்படிப் போவது?

சென்னையிலிருந்து திருத்தணி சுமார் 85 கி.மீ. திருவள்ளூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் வழியிலேயே கனகம்மாசத்திரம். ரயிலில் வருகிறவர்கள் அரக்கோணம் மார்க்கத்தில் திருவாலங்காட்டில் இறங்கலாம். திருத்தணிக்கும் ரயில் உண்டு. கூட்டம் வேண்டும் என்றால் ஆடிக் கிருத்திகை, நிதானமாகப் படம் எடுக்க வேண்டும் என்றால் சாதாரண வார நாள். எப்போது போனாலும் விடியலுக்கு முன்பே போய்விடுவது நல்லது. அந்த நீலம் அரை மணி நேரம்கூட நிற்காது!